ஜெனரேட்டரில் ஓடும் மின்னமைப்புகளில் ஆர்க் ஃப்ளாஷ் அபாயத்தைக் கணிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2012-ஆம் ஆண்டை ஒட்டிய மின்வெட்டுக் காலத்தில் கோவை, திருப்பூர் வட்டாரத்து ஆலைகள் நாளின் பெரும்பகுதியை டிஜி செட்டிலேயே (டீசல் ஜெனரேட்டரிலேயே) ஓட்டின. அப்போது வாங்கிய செட்டுகளில் பல இன்றும் அதே பேனல்களோடு இணைந்து நிற்கின்றன. இந்தப் பேனல்களுக்கு ஆர்க் ஃப்ளாஷ் ஆய்வு செய்த இடங்களிலும் பெரும்பாலும் ஈபி மின்சாரத்துக்கு மட்டுமே கணக்கிட்டிருக்கிறார்கள்; டிஜி ஓடும்போது என்ன ஆகும் என்ற பக்கம் காலியாகவே இருக்கிறது. பராமரிப்புப் பொறுப்பில் இருப்பவர்கள் அந்தப் பக்கத்தைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளையும் அவற்றுக்கான விடைகளையும் கீழே தொகுத்திருக்கிறேன்.

ஆர்க் ஃப்ளாஷ் என்பது ஷாக் அடிப்பதிலிருந்து எப்படி வேறுபடுகிறது?

ஷாக்கில் மின்சாரம் உடலுக்குள் பாய்கிறது. ஆர்க் ஃப்ளாஷில் அது காற்றின் வழியே பாய்கிறது. எதையும் தொடாமல் பேனலுக்கு முன்னால் நிற்பவரையும் அந்த வெப்பம் சுட்டுவிடும். பேனலுக்குள் மின்சாரத்தைப் பகிர்ந்து கொடுக்கும் உலோகப் பட்டைகளான பஸ்பார்களுக்கு நடுவே ஒரு ஸ்பேனர் விழுந்தாலோ, தளர்ந்த இணைப்பு ஒன்று சூடேறிக் காப்புப்பொருளைக் கருக்கினாலோ காற்று அயனியாகி மின்வில் உருவாகிறது. தாமிரம் ஆவியாகிப் பல்லாயிரம் மடங்கு விரிவதால் கதவைப் பிய்க்கும் அழுத்தமும் கூடவே எழுகிறது. ஃப்ளாஷ் ஆன பேனலின் கதவை உள்பக்கம் பார்த்தால் கடுகு அளவில் தாமிர மணிகள் பெயின்ட்டுக்குள் பதிந்திருப்பதைக் காணலாம். அந்தக் கதவு திறந்திருந்தால் அவை எங்கே பதிந்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

தோலின் மேல் விழும் வெப்பத்தைச் சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை கலோரி என்று அளக்கிறோம். 1.2 கலோரி விழுந்தால் கொப்புளம் எழும் இரண்டாம் நிலைத் தீக்காயம் தொடங்கும் என்பது எல்லோரும் ஏற்றுக்கொண்ட எல்லை. ஐ.ஈ.ஈ.ஈ. 1584 என்ற வழிகாட்டி இந்த வெப்பத்தைக் கணக்கிடும் முறையைத் தருகிறது. அதன் முதல் பதிப்பு 2002-இலும், பெரிதும் திருத்தப்பட்ட பதிப்பு 2018-இலும் வந்தன.

ஜெனரேட்டரில் ஃபால்ட் கரண்ட் குறைவு. அப்படியானால் அபாயமும் குறைவுதானே?

இந்த எண்ணம்தான் என்னை மிகவும் கவலைப்பட வைப்பது. நல்ல அனுபவமுள்ள எலக்ட்ரீஷியன்களிடமும் இது இருக்கிறது. ஃபால்ட் கரண்ட், அதாவது குறுக்குச்சுற்றில் பாயும் மின்னோட்டம், குறைவு என்பது உண்மை. ஆனால் தோலில் விழும் வெப்பம் கரண்ட்டை மட்டும் பொறுத்ததன்று, மின்வில் எவ்வளவு நேரம் எரிகிறது என்பதையும் பொறுத்தது. நேரம் இரட்டித்தால் வெப்பமும் அப்படியே இரட்டிக்கும். அந்த நேரத்தைத் தீர்மானிப்பது பிரேக்கர். பிரேக்கர் எவ்வளவு சீக்கிரம் விழும் என்பதைத் தீர்மானிப்பதோ அதே கரண்ட். ஈபி-யில் கரண்ட் மிக அதிகமாக இருப்பதால் பிரேக்கர் கண்ணிமைக்கும் நேரத்தில் விழுந்துவிடுகிறது. டிஜி-யில் கரண்ட் பெரும்பாலும் பிரேக்கரின் இன்ஸ்டன்டேனியஸ் எல்லையை (தாமதமின்றி உடனே விழவைக்கும் அளவை) தொடுவதே இல்லை. பிரேக்கர் அதை ஓவர்லோடு என்று எடுத்துக்கொண்டு நிதானமாகக் காத்திருக்கிறது. அதுவரை மின்வில் எரிந்துகொண்டே இருக்கும்.

ஜெனரேட்டரின் ஃபால்ட் கரண்ட் ஏன் நொடிக்கு நொடி குறைகிறது?

டிரான்ஸ்ஃபார்மருக்குப் பின்னால் ஒரு பெரிய மின்கட்டமைப்பு நிற்கிறது; ஓர் ஆலைக்குள் ஏற்படும் குறுக்குச்சுற்று அதை அசைப்பதில்லை. ஜெனரேட்டருக்குப் பின்னால் ஓர் இன்ஜினும் சுழலும் ஒரு காந்தமும் மட்டுமே இருக்கின்றன. நிலையாக நிற்கும் பகுதியான ஸ்டேட்டரில் பெரும் மின்னோட்டம் பாய்ந்தவுடன் அது சுழலும் பகுதியான ரோட்டரின் காந்தப்புலத்தை எதிர்த்து அழுத்துகிறது. அந்தப் புலம் உடனே அடங்கிவிடாது. ரோட்டரின் டாம்பர் கம்பிகளிலும் ஃபீல்டு சுருளிலும் தூண்டப்படும் மின்னோட்டங்கள் அதைத் தாங்கிப் பிடிக்கின்றன. டாம்பர் கம்பிகளில் தூண்டப்பட்டது சில சைக்கிள்களிலேயே கரைந்துவிடும். ஃபீல்டு சுருளில் தூண்டப்பட்டது கரைவதற்கு, நடுத்தர டீசல் செட்டுகளில், நொடியின் பத்தில் சில பங்கு நேரம் பிடிக்கும். இரண்டும் கரைந்த பிறகு எஞ்சுவது எக்ஸைட்டேஷன் (ஃபீல்டு சுருளுக்கு ஊட்டப்படும் மின்சாரம்) கொடுக்கும் புலம் மட்டுமே.

இந்த மூன்று கட்டங்களையும் மூன்று ரியாக்டன்ஸ் மதிப்புகளாக (மின்னோட்டத்துக்கு ஜெனரேட்டர் காட்டும் எதிர்ப்பின் அளவுகளாக) ஜெனரேட்டரின் டேட்டா ஷீட்டில் காணலாம்: சப்ட்ரான்சியன்ட், ட்ரான்சியன்ட், சிங்க்ரனஸ். முதலாவதைத்தான் நம்மவர்கள் 'எக்ஸ் டீ டபுள் டேஷ்' என்று சொல்வது வழக்கம். அவற்றை ஒட்டி, மின்னோட்டம் எவ்வளவு வேகத்தில் கரைகிறது என்பதைக் காட்டும் கால மாறிலிகளும் அச்சிடப்பட்டிருக்கும். பேனல் தாங்கும் திறனைப் பார்ப்பவர்களுக்கு முதல் மதிப்பு மட்டும் போதும். ஆர்க் ஃப்ளாஷைக் கணிப்பவர்களுக்கு மூன்றும் வேண்டும்.

இதை எண்களில் காட்ட முடியுமா?

முடியும். ஒரு நடுத்தர ஆலையில் வழக்கமாக இருக்கும் அமைப்பை எடுத்துக்கொள்வோம். 11 கிலோவோல்ட்டிலிருந்து 433 வோல்ட்டுக்கு இறக்கும் 1000 கே.வி.ஏ. டிரான்ஸ்ஃபார்மர், இம்பீடன்ஸ் (மின்னோட்டத்துக்கு அது காட்டும் மொத்த எதிர்ப்பு) 5 சதவீதம். மாற்று மூலமாக 415 வோல்ட், 500 கே.வி.ஏ. டிஜி செட். மின்வில் எழும் இடம் மெயின் பேனலை ஒட்டி நிற்கும் மோட்டார் கன்ட்ரோல் பேனலின் பஸ்பார்; வேலை செய்பவரின் முகமும் மார்பும் அதிலிருந்து 455 மில்லிமீட்டர் தள்ளி இருப்பதாகக் கொள்வோம். கையாலேயே போட்டுப் பார்க்க வசதியாக, 2002 பதிப்பின் சூத்திரங்களைப் பயன்படுத்தியிருக்கிறேன். நியூட்ரல் நேரடியாக எர்த் செய்யப்பட்டிருக்கிறது. பஸ்பார் இடைவெளி 25 மில்லிமீட்டர்.

முதலில் ஈபி. டிரான்ஸ்ஃபார்மரின் முழு மின்னோட்டம் 1333 ஆம்பியர். அதை 5 சதவீதத்தால் வகுத்தால் குறுக்குச்சுற்று மின்னோட்டம் ஏறக்குறைய 26.7 கிலோ ஆம்பியர். மின்வில்லுக்கும் தடை உண்டு என்பதால் அதன் வழியே பாய்வது 13.3 கிலோ ஆம்பியர் மட்டுமே. 1600 ஆம்பியர் ஏசிபி-யின் (ஏர் சர்க்யூட் பிரேக்கரின்) இன்ஸ்டன்டேனியஸ் 6 மடங்கில், அதாவது 9600 ஆம்பியரில் வைக்கப்பட்டிருந்தால் அது 50 மில்லிநொடியில் விழுந்துவிடும். தோலில் விழும் வெப்பம் 2.3 கலோரி. 1.2 கலோரி எல்லை சுமார் 67 சென்டிமீட்டரில் முடிந்துவிடும்.

இப்போது டிஜி. முழு மின்னோட்டம் 696 ஆம்பியர். சப்ட்ரான்சியன்ட் ரியாக்டன்ஸ் 12 சதவீதம் என்றால் முதல் சில சைக்கிள்களில் 5.8 கிலோ ஆம்பியர் கிடைக்கும். மின்வில்லில் பாய்வது 3.8. எக்ஸைட்டேஷன் தாங்கிப் பிடிக்கும் வகை செட் என்றால், பிறகு அது முழு மின்னோட்டத்தின் 3 மடங்கில், 2.1 கிலோ ஆம்பியரில் நிற்கும். மின்வில்லில் பாய்வது ஏறக்குறைய 1.65. டிஜி-யின் 800 ஆம்பியர் ஏசிபி-யில் ஷார்ட் டைம் (சிறு தாமதத்தோடு விழவைக்கும் எல்லை) 4800 ஆம்பியரிலும் இன்ஸ்டன்டேனியஸ் 8000 ஆம்பியரிலும் இருந்தால், முதல் சைக்கிளின் 3.8 கிலோ ஆம்பியர்கூட எதையும் தொடாது. மீதமிருப்பது ஓவர்லோடுக்கான லாங் டைம் மட்டுமே. 700 ஆம்பியர் செட்டிங்கில், அதன் 6 மடங்கு பாய்ந்தால் 8 நொடியில் விழும் என்ற வளைவில், 1.65 கிலோ ஆம்பியருக்கு அது விழ ஏறக்குறைய 50 நொடி எடுக்கும். ஆள் 2 நொடிக்குள் விலகிவிடுவார் என்று கொண்டாலும் 1.65 கிலோ ஆம்பியரில் மட்டும் 9.6 கலோரி சேர்கிறது. தொடக்க நேரத்து அதிக மின்னோட்டத்தையும் கூட்டினால் 10-ஐத் தாண்டும். அபாய எல்லை 1.6 மீட்டருக்கும் மேல் போய்விடுகிறது.

மின்னோட்டம் எட்டில் ஒரு பங்குக்குக் குறைந்தது. வெப்பம் நான்கு மடங்குக்கு மேல் கூடியது. அதே பேனல், அதே கதவு, அதே ஆள்.

எங்கள் செட்டில் பி.எம்.ஜி. இல்லை. அப்படியானால் மின்வில் தானாக அணைந்துவிடுமா?

பி.எம்.ஜி. என்பது ஆல்டர்னேட்டரின் ஒரு முனையில் பொருத்தப்படும் சிறிய நிலைக்காந்த ஜெனரேட்டர். வோல்டேஜைச் சீராக வைக்கும் கருவியான ஏவிஆர்-க்கான மின்சாரத்தை அது தனியாகக் கொடுப்பதால், குறுக்குச்சுற்றில் வோல்டேஜ் விழுந்தாலும் எக்ஸைட்டேஷன் விழாது. முழு மின்னோட்டத்தின் 3 மடங்கை 10 நொடி வரை தாங்குவது இவ்வகைச் செட்டுகளின் வழக்கமான உத்தரவாதம். கீழே உள்ள பிரேக்கர்கள் முறைப்படி விழுவதற்காகவே இது தரப்படுகிறது. அதே வசதி மின்வில்லுக்கும் தீனியாகிவிடுகிறது.

பி.எம்.ஜி. இல்லாத செட்டில் ஏவிஆர் ஜெனரேட்டரின் சொந்த வெளியீட்டிலிருந்தே மின்சாரம் எடுக்கிறது. முழுக் குறுக்குச்சுற்றில் வெளியீடு பூஜ்யத்தை நெருங்குவதால் புலம் சரிந்து, மேற்சொன்ன செட்டில் மின்னோட்டம் முழு மதிப்புக்கும் கீழே போய்விடும். ஆனால் மின்வில் முழுக் குறுக்குச்சுற்று அன்று. அதன் குறுக்கே கணிசமான வோல்டேஜ் எஞ்சி நிற்கிறது. அந்த எச்சத்தைக் கொண்டு ஏவிஆர் ஓரளவு புலத்தைத் தக்கவைக்கக்கூடும். மூன்று ஃபேஸிலும் பரவாமல் ஒரு ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே மட்டும் எரிந்தால் மற்ற ஃபேஸ்களில் வோல்டேஜ் இன்னும் அதிகமாகவே இருக்கும். ஆகவே 'தானாக அணையும்' என்று எழுதிக் கணக்கை முடித்துவிடுவதை நான் ஏற்பதில்லை. எந்த வகை எக்ஸைட்டேஷன் என்பதை ஆல்டர்னேட்டரைத் திறந்து கண்ணால் பார்த்து உறுதி செய்யுங்கள். முன்பு பொருத்தப்பட்ட ஏவிஆர் கருகிப்போய் வேறு வகை மாற்றப்பட்டிருப்பது சாதாரணமாக நடக்கிறது.

சிறிய செட்டுகளைக் கணக்கிலிருந்து விட்டுவிடலாமா?

2002 பதிப்பில் 125 கே.வி.ஏ.-க்குக் குறைவான டிரான்ஸ்ஃபார்மர் ஊட்டும் 240 வோல்ட்டுக்கு உட்பட்ட அமைப்புகளுக்கு ஒரு விலக்கு இருந்தது. 2018-இல் அதை எடுத்துவிட்டார்கள். இப்போது இருப்பது, மூன்று ஃபேஸ் அமைப்பில் 240 வோல்ட் அல்லது அதற்குக் கீழும், 2000 ஆம்பியருக்குக் குறைந்த குறுக்குச்சுற்று மின்னோட்டமும் இருந்தால் மின்வில் நீடிக்கும் வாய்ப்பு குறைவு என்ற வாசகம் மட்டுமே. நம் ஊரின் 415 வோல்ட் அதற்குள் வராது. எனவே விட்டுவிட முடியாது.

கணக்கிடும்போது ஜெனரேட்டரை மென்பொருளில் எப்படிக் காட்ட வேண்டும்?

நிலையான ஒரே மின்னோட்டம் கொண்ட மூலமாகக் காட்டினால் இரு பக்கமும் தவறு நேரும். சப்ட்ரான்சியன்ட் மதிப்பை மட்டும் கொடுத்தால், பிரேக்கர் விழுந்துவிடும் என்று மென்பொருள் நினைத்துக்கொண்டு மிகச் சிறிய வெப்பத்தைக் காட்டும். இறுதி மதிப்பை மட்டும் கொடுத்தால் தொடக்க வெப்பம் விடுபட்டுப்போகும். சரியான வழி, நேரத்தைச் சிறு துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் அந்நேரத்து மின்னோட்டத்துக்குரிய வெப்பத்தைக் கணக்கிட்டுக் கூட்டுவது. ஒவ்வொரு துண்டிலும் பிரேக்கர் வளைவு எவ்வளவு தூரம் முன்னேறியது என்பதையும் கூடவே பார்க்க வேண்டும். மின்னோட்டம் இறங்கிக்கொண்டே போகும்போது பிரேக்கர் விழத் தொடங்கி, எல்லைக்குக் கீழே போனதும் மீண்டும் தொடக்க நிலைக்குத் திரும்பிவிடலாம். இதைத் தவறவிடுகிறவர்கள் ஏராளம்.

இதற்கு உங்களிடம் இருக்க வேண்டியவை மூன்று ரியாக்டன்ஸ்களும், கால மாறிலிகளும், தாங்குநிலை மின்னோட்டமும் (கடைசியில் நிலைத்து நிற்பது), பிரேக்கரை விழவைக்கும் பகுதியான ரிலீஸின் உண்மையான செட்டிங்கும் ஆகும். கடைசியாகச் சொன்னதை வரைபடத்திலிருந்து எடுக்காதீர்கள். ஒரு நூற்பாலையில், கமிஷனிங் ரிப்போர்ட்டில் ஷார்ட் டைம் 3 மடங்கு என்று இருந்தது. டார்ச் அடித்து ரிலீஸின் பிளாஸ்டிக் மூடியைத் திறந்து பார்த்தபோது திருகின் அம்புக்குறி கடைசிப் புள்ளியில், 10-இல் நின்றது. பெரிய மோட்டாரைக் கிளப்பும்போது அடிக்கடி டிரிப் ஆகிறது என்று யாரோ எப்போதோ ஸ்க்ரூடிரைவரால் முழுக்கத் திருகிவிட்டிருக்கிறார்கள். அவரைக் குறை சொல்ல மாட்டேன். உற்பத்தி நின்றால் யாருக்கு ஏச்சு விழும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே.

2018 பதிப்பைப் பின்பற்றினால் மின்வாய்களின் அமைப்பையும் தேர்ந்தெடுக்க வேண்டும். பஸ்பார் முனைகள் வேலை செய்பவரை நோக்கிக் கிடையாக நீட்டிக்கொண்டிருந்தால் வெப்பம் நேராக அவர் மேல் பாயும். செங்குத்தான பஸ்பார்களைவிட இது மோசமானது. மின்வில் மின்னோட்டத்தின் குறைந்தபட்ச மதிப்புக்கும் தனியாகக் கணக்கிட வேண்டும். ஜெனரேட்டரில் இந்தக் குறைந்த மதிப்புதான் பெரும்பாலும் மோசமான விடையைத் தருகிறது.

எத்தனை விதமான ஓட்ட நிலைகளுக்குக் கணக்கிட வேண்டும்?

ஆலை உண்மையில் எப்படியெல்லாம் ஓடுகிறதோ அத்தனைக்கும். ஈபி மட்டும், எல்லா டிஜி-களும் இணையாக, ஒரே ஒரு சிறிய டிஜி மட்டும், சிங்க்ரனைஸ் செய்து ஈபி-யோடு சில நொடிகள் இணையாக ஓடும் இடைவேளை ஆகியவை குறைந்தபட்சம். இவற்றில் நான் மிகவும் அஞ்சுவது மூன்றாவதை. இரவு ஷிஃப்டில் லோடு குறைவென்று ஒரே செட்டை மட்டும் ஓட்டும்போது ஃபால்ட் கரண்ட் அடிமட்டத்தில் இருக்கும்; ஆட்கள் குறைவாகவும் சோர்வாகவும் இருப்பதும் அந்நேரத்தில்தான்.

2 நொடி என்ற வரம்பை எல்லா இடத்துக்கும் வைத்துக்கொள்ளலாமா?

கூடாது. மின்வில் எழுந்ததும் ஆள் இரண்டு நொடிக்குள் பின்வாங்கிவிடுவார் என்ற நியாயமான அனுமானத்திலிருந்து வந்த எண் அது. பின்வாங்க இடம் இருந்தால்தான் பொருந்தும். சத்தம் தடுக்கும் கூண்டுக்குள், இன்ஜினுக்கும் தகரச் சுவருக்கும் நடுவே பக்கவாட்டில் நுழைந்து ஆல்டர்னேட்டர் பெட்டியைத் திறந்திருப்பவருக்குப் பின்னால் ஓரடிகூட இருக்காது. கேபிள் ட்ரெஞ்சுக்குள் இறங்கியிருப்பவருக்கும் அப்படியே. இத்தகைய இடங்களில் பிரேக்கர் உண்மையில் எடுக்கும் முழு நேரத்தையும் கணக்கில் கொள்ளுங்கள்.

ஆல்டர்னேட்டர் டெர்மினல் பெட்டிக்கும் டிஜி பிரேக்கருக்கும் நடுவே மின்வில் எழுந்தால்?

அந்தப் பிரேக்கரால் எதுவும் செய்ய முடியாது. அது விழுந்தாலும் ஜெனரேட்டர் தன் மின்வில்லுக்குத் தானே மின்சாரம் கொடுத்துக்கொண்டிருக்கும். இணையாக ஓடும் மற்ற செட்டுகளிலிருந்து வருவதை மட்டுமே அது நிறுத்தும். எக்ஸைட்டேஷனை அணைத்து இன்ஜினையும் நிறுத்துவதுதான் வழி. அப்போதும் ஃபீல்டு சுருளில் சேர்ந்திருக்கும் ஆற்றல் கரையும்வரை மின்னோட்டம் நீளும். பெரிய இயந்திரங்களில் அது பல நொடிகள். ஆகவே இணையாக ஓடும் பெரிய செட்டுகளுக்கு டிஃபரென்ஷியல் ரிலே (சுருளின் இரு முனைகளிலும் பாயும் மின்னோட்டங்களை ஒப்பிட்டு உள்ளே எழும் ஃபால்ட்டைக் கண்டுபிடிப்பது) வைத்து, அது பிரேக்கரையும் எக்ஸைட்டேஷனையும் ஒருசேர நிறுத்துமாறு இணைப்பது அவசியம். அப்படி இல்லாத செட்டில், ஓடிக்கொண்டிருக்கும்போது அந்தப் பெட்டியைத் திறக்க யாருக்கும் அனுமதி கொடுக்காதீர்கள்.

செட்டிங்கைக் குறைத்தால் போதுமா?

பல ஆலைகளில் முதல் பெரிய பலன் அதில்தான் கிடைக்கிறது. மேலே சொன்ன எடுத்துக்காட்டில் ஷார்ட் டைமை 4800-இலிருந்து 1050 ஆம்பியருக்கு இறக்கி, தாமதத்தை 0.3 நொடியில் வைத்தால் மின்வில் ஏறக்குறைய 0.35 நொடியில் அறுபடும். வெப்பம் 10-இலிருந்து 3 அல்லது 4 கலோரிக்கு இறங்கும். செலவு ஒன்றுமில்லை. ஆனால் பெரிய மோட்டார் நேரடியாகக் கிளம்பும்போது இந்த எல்லை இடிக்கும். அங்கே வோல்டேஜையும் சேர்த்துப் பார்க்கும் ஓவர்கரண்ட் ரிலே உதவும். மோட்டார் கிளம்பும்போது வோல்டேஜ் கொஞ்சம்தான் தாழும், ஃபால்ட்டில் ஆழமாகத் தாழும். அந்த வேறுபாட்டை ரிலே பயன்படுத்திக்கொள்கிறது. சில ரிலீஸ்களில் இரண்டு செட்டிங் தொகுப்புகள் உண்டு. ஈபி-க்கு ஒன்று, டிஜி-க்கு ஒன்று என்று சேஞ்ச் ஓவரோடு சேர்ந்து மாறும்படி இணைத்துவிடலாம்.

ஒளியைக் கண்டு டிரிப் செய்யும் ஆர்க் சென்சாரை டிஜி சார்ந்த பேனல்களுக்கு நான் மனதாரப் பரிந்துரைக்கிறேன். ஒளியை மட்டும் பார்க்கும்படி அமைத்தால் கரண்ட் எவ்வளவு குறைவு என்பது அதற்குப் பொருட்டே இல்லை. சில மில்லிநொடிகளில் கட்டளை போய்விடும். பிரேக்கர் திறக்கும் நேரம் மட்டுமே மிச்சம்.

லேபிளில் எந்த எண்ணை எழுதுவது? எந்த உடையை அணிவது?

எல்லா நிலைகளிலும் கிடைத்த விடைகளில் மிக மோசமானதை எழுதுங்கள். ஈபி-க்கு ஒன்று, டிஜி-க்கு ஒன்று என இரண்டு எண்கள் எழுதிய லேபிள்களைப் பார்த்திருக்கிறேன். கதவைத் திறக்கும் நேரத்தில் எது ஓடுகிறது என்று யோசிக்க வைக்கும் லேபிள் ஆபத்தானது, வேலை நடுவிலேயே மூலம் மாறிவிடவும் கூடும். 10 கலோரி என்று வந்தால் அதைவிடக் கூடுதலாகத் தாங்கும் உடையும் முகமூடியுடன் கூடிய தலையுறையும் வேண்டும். மின்பணிப் பாதுகாப்புக்கான அமெரிக்கத் தரநிலையான என்.எஃப்.பி.ஏ. 70இ அட்டவணையின் இரண்டாம் வகை உடை 8 கலோரி வரைதான் தாங்கும். உள்ளே பாலியஸ்டர் சட்டையோ பனியனோ கூடாது. அது உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். பருத்தி போதும்.

ஈபி போயிருக்கும்போது பேனலைத் திறந்து வேலை செய்தால் இந்தத் தொல்லை எதுவும் இல்லையே?

ஏஎம்எஃப் பேனல் இருக்கும் இடத்தில் ஈபி போனதும் சில நொடிகளில் டிஜி தானாகக் கிளம்பி அந்தப் பஸ்பாரையே உயிர்ப்பித்துவிடும். விளக்கு அணைந்ததைக் கண்டு 'சப்ளை இல்லை' என்று கைவைப்பவர்கள் மாட்டிக்கொள்வது இப்படித்தான். ஈபி பிரேக்கர், டிஜி பிரேக்கர் இரண்டையும் வெளியே இழுத்துப் பூட்டுங்கள். டிஜி-யின் செலக்டரை ஆஃப் நிலையில் பூட்டி, ஸ்டார்ட்டர் பேட்டரியின் நெகட்டிவ் கேபிளையும் கழற்றிவிடுங்கள். டெஸ்டரை உயிருள்ள ஓரிடத்தில் சோதித்து, பிறகு பஸ்பாரில் மூன்று ஃபேஸையும் பார்த்து, மீண்டும் உயிருள்ள இடத்தில் சோதியுங்கள். சோலார் இன்வெர்ட்டர் அதே பஸ்ஸில் இருந்தால் அதுவும் பூட்டப்பட வேண்டிய மூன்றாவது மூலம்.

ஆய்வை மறுபடி எப்போது செய்ய வேண்டும்?

5 ஆண்டுக்கு ஒருமுறையாவது சரிபார்க்க வேண்டும் என்கிறது என்.எஃப்.பி.ஏ. 70இ. டிஜி உள்ள இடங்களில் அதற்கு முன்பே தேவைப்படும்: செட்டை மாற்றினால், வாடகைக்கு ஒரு செட்டைக் கொண்டுவந்து இணைத்தால், ஏவிஆர் வகை மாறினால், டிரான்ஸ்ஃபார்மரைப் பெரிதாக்கினால், யாராவது ரிலீஸ் திருகைத் தொட்டால். கடைசியாகச் சொன்னதற்காகவே, செட்டிங் முடிந்ததும் பிளாஸ்டிக் மூடிக்கு சீல் கம்பி போட்டு, தேதியோடு ஒரு புகைப்படம் எடுத்து டிஜி லாக் புத்தகத்தில் ஒட்டிவைக்கும் வழக்கத்தை நான் போகும் ஆலைகளிலெல்லாம் கேட்டு வாங்குகிறேன்.